க்ரைம் சீரியல்களில் கறுப்பின ஆண்கள்: உங்கள் மனதில் நின்றவர் யார்?

முதலில் நானே சொல்கிறேன். சின்ன வயதில் பார்த்த அமெரிக்க போலீஸ் சீரியல்களில் கறுப்பின ஆண் என்றாலே ஓடிப் பிடிபடுபவன்தான், இல்லாவிட்டால் மேஜைக்குப் பின்னாலிருந்து கத்துகிற மேலதிகாரி. வீடு, பயம், பாசம் எதுவும் அவர்களுக்கு இருக்காது. 'தி வயர்' (2002–2008) பார்த்த பிறகுதான் எவ்வளவு மறைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அதில் வாலஸ் என்று ஒரு பையன். 16 வயது. பால்டிமோரில் போதைமருந்து விற்கும் கும்பலின் அடிமட்டத்தில் இருப்பவன். பாழடைந்த வீடு ஒன்றில், வெளியிலிருந்து வயர் இழுத்த மின்சாரத்தில், யார் யார் பெற்ற பிள்ளைகளையோ காலையில் எழுப்பி, ஆளுக்கு ஒரு ஜூஸும் சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுகிறான். அதே சீசனில் கூட்டாளிகளே அவனைச் சுடுகிறார்கள். போடி என்பவன் தயங்கித் தயங்கிச் சுட, மிச்சத்தைப் பூட் என்பவன் முடிக்கிறான். சுடுகிறவர்களும் பொடியன்கள்தான் என்பதை அந்தக் காட்சி ஒரு நொடிகூட மறக்க விடவில்லை. வாலஸாக நடித்தவர் மைக்கேல் பி. ஜோர்டன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

——

அண்ணா, நான் பால்டிமோர் பக்கம் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் கறுப்பினப் பெரியவர் ஒருவரிடம் அந்தத் தொடரை ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நல்ல தொடர்தான், ஆனால் எந்த ஊர் என்று கேட்டுப் பதில் சொன்னதும் எல்லோரும் இந்தத் தொடரின் பேச்சைத்தான் எடுக்கிறார்கள் என்றார். விடியற்காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போன தன் அப்பாவைப் பற்றி யாரும் கேட்டதில்லையாம். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் முன்னாள் பத்திரிகை நிருபர், கூட எழுதிய எட் பர்ன்ஸ் முன்னாள் துப்பறிவாளர். இருவரும் வெள்ளையர். வேலைக்காகக் குற்றம் நடந்த இடங்களுக்குப் போய்ப் போய்ப் பழகியவர்கள். அந்தப் பெரியவரின் மனக்குறைக்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

——

தங்கச்சி சொல்வது நியாயம். அதே பால்டிமோரை வைத்து 1993-இல் தொடங்கிய 'ஹோமிசைட்' தொடரையும் எல்லோரும் பார்க்க வேண்டும். அதில் ஆந்த்ரே பிராவர் நடித்த ஃபிராங்க் பெம்பிள்டன் துப்பறிவாளர். கத்தோலிக்கர், கர்வக்காரர், பேச்சுதான் அவர் ஆயுதம். முதல் சீசனில் ஓர் எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க விசாரணை அறைக்குள்ளேயே நடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் குதிரை வண்டியில் பழம் விற்கும் வயதான கறுப்பினத்தவர், நடித்தவர் மோசஸ் கன். சிறுமியைக் கொன்றதாகச் சந்தேகம். கிழவர் மடக்கப்படுகிறார், உடைகிறார், அழுகிறார், பேச்சால் திருப்பியும் அடிக்கிறார். கொன்றதாக மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் இவர்தான் கொலையாளி என்று பெம்பிள்டன் நம்பத் தொடங்குகிறார். ஆரம்பத்திலிருந்து அடித்துச் சொன்ன, கூடவே விசாரித்த துப்பறிவாளர் பேலிஸுக்கோ சந்தேகம் வந்துவிடுகிறது. இந்த இரண்டு கறுப்பின ஆண்களில் யாரையும் ஒரு வகைக்குள் அடைக்க முடியவில்லை. பிராவர் 2023-இல் இறந்த செய்தி வந்த இரவு அந்த எபிசோடைத்தான் மறுபடி போட்டுப் பார்த்தேன்.