இரண்டு பழைய லேப்டாப், பதினொரு குழந்தைகள்: கணினிப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

திண்ணைப்பள்ளி:

வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. மாலை ஐந்தரை மணிக்கு மேல் எங்கள் திண்ணையில் பதினொரு குழந்தைகள் வந்து உட்காருவார்கள். ஐந்து முதல் எட்டு வயது வரை. வாசிப்பும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்து வந்தேன். சென்ற மாதத்திலிருந்து "கம்ப்யூட்டர் எப்போது டீச்சர்?" என்று துளைத்தெடுக்கிறார்கள்.

கையில் இருப்பது இவ்வளவுதான்: மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப் (2 ஜிபி ரேம், மவுஸ் உண்டு), சித்தப்பா மகன் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று. இரண்டிலும் விண்டோஸ் 10. இணையம் என் கைப்பேசியிலிருந்துதான். 2,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

ஏற்கெனவே 650 ரூபாய் வீணாகிவிட்டது. "குழந்தைகளுக்கான கணினி" என்று புத்தகமும் டிஸ்க்கும் சேர்த்து விற்றார்கள், வாங்கிவிட்டேன். முதல் பாடமே கணினியின் தந்தை யார் என்பதுதான். ஏழு வயதுப் பையன் ஒருவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாபேஜ் என்கிறான். கையில் மவுஸைக் கொடுத்தால் டிவி ரிமோட்டைப் போலத் திரைக்கு நேராக நீட்டுகிறான்.

காசில்லாமல், தமிழில், இணையம் இல்லாமலும் ஓடும்படி ஏதாவது உண்டா? இரட்டைக் கிளிக் யாருக்கும் வரவில்லை. முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை நகர்ந்து, ஐகான் எங்கோ போய் நிற்கிறது. இன்னொன்று: சித்தப்பா மகன் கொடுத்ததில் டச்பேட் ஒரு நகக்கனம் மேலே எழும்பி, தானாகவே கிளிக் ஆகிறது. ரிப்பேருக்கு எவ்வளவு கேட்பார்களோ என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.

பழுதுக்கடை:

அக்கா, கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முதல் வேலை. டச்பேட் எழும்பியிருந்தால் பெரும்பாலும் அடியில் பேட்டரி ஊதியிருக்கும். அந்த லேப்டாப்பை இன்றே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அமுக்கிப் பார்க்கவோ நெம்பவோ வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். புது பேட்டரி அவசியமில்லை, பல மாடல்கள் சார்ஜரிலேயே ஓடும். மின்சாரம் போனால் நின்றுவிடும், அவ்வளவுதான். கழற்றியதைக் குப்பையில் போடாமல் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இரட்டைக் கிளிக்குக்கு: கன்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற பகுதியைத் திறந்தால் இரட்டைக் கிளிக்கின் வேகத்தைக் குறைக்க ஒரு பட்டை இருக்கும். அதை மெதுவான பக்கம் தள்ளுங்கள். அதற்கும் வராவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ் என்பதில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைத்துவிடலாம். டச்பேடில் சின்ன விரல்கள் திணறும், அதனால் இரண்டாவது லேப்டாப்புக்கும் வயர் உள்ள மவுஸ் ஒன்று வாங்குங்கள். 300 ரூபாய்க்குள் முடியும், கொஞ்சம் சிறியதாகப் பாருங்கள்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்று அடுத்து யாராவது வருவார்கள். நல்ல யோசனைதான், சொல்கிறவரே வந்து போட்டுக் கொடுத்தால். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது என்பது உண்மை. இணையத்தில் இணைக்காமல் விளையாட்டும் ஓவியமும் நடத்த இப்போதைக்கு இதுவே போதும்.

பாலக்காட்டு டீச்சர்:

இங்கே கேரளத்தில் தொடக்கப்பள்ளிக் கணினிப் பாடநூலின் பெயரே களிப்பெட்டி, அதாவது விளையாட்டுப் பெட்டி. நானும் விளையாட்டில்தான் தொடங்குகிறேன். எங்கள் வகுப்பில் இரண்டு மென்பொருள்கள் தேயத் தேய ஓடுகின்றன, இரண்டுமே இலவசம்.

ஒன்று ஜிகாம்ப்ரிஸ். 2 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். உங்கள் இரட்டைக் கிளிக் நோய்க்கு இதிலேயே மருந்து உண்டு. ஒரு படத்தைக் கட்டங்கள் மறைத்திருக்கும். மவுஸை நகர்த்தினாலே கட்டம் அழியும் விளையாட்டு ஒன்று, ஒரு கிளிக்கில் அழிப்பது இன்னொன்று, இரட்டைக் கிளிக்கில் அழிப்பது மூன்றாவது. இதே வரிசையில் விடுங்கள், நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். முதல் முறை மட்டும் கைப்பேசி இணையத்தில் இணைத்து ஒலிக்கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஊமையாக ஓடும். பழைய லேப்டாப்பில் திரை கறுப்பாக நின்றால் ஸ்டார்ட் மெனுவில் அதற்கே சேஃப் மோடு என்று தனி வழி இருக்கும், அதில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று டக்ஸ் பெயின்ட். 2002-இல் வந்தது, தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்டுப் பிள்ளையைத் திகைக்க வைக்காது. இதனுடன் வரும் அமைப்புக் கருவியில், மவுஸின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யும்படி வைக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடது எது வலது எது என்பதே தகராறாக இருக்கும்போது இது பெரிய உதவி.

விரல்நுனி:

எட்டு வயதுக்காரர்களுக்குத் தட்டச்சை இப்போதே தொடங்கலாமே? தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு, அதில் தட்டச்சு செய்ய இ-கலப்பை என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். ஏ, கே, கே, கியூ என்று நான்கு தட்டில் "அம்மா" வந்துவிடும். நடுவில் புள்ளி தானாக விழும். தன் பெயரைத் தமிழில் திரையில் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு ஈடு கிடையாது.

பாலக்காட்டு டீச்சர்:

அது சரி, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் தம்பி. எழுத்தையே இப்போதுதான் கூட்டிப் படிக்கிறது. பெரிய பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் விசைகளில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கலாம்.

கோலப்புள்ளி:

இரண்டு லேப்டாப்பில் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஏழு பேர் சும்மா இருப்பார்களே, அவர்களை என்ன செய்வீர்கள்? வகுப்பு கலைவது அங்கேதான்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த "சிஎஸ் அன்பிளக்டு" பயிற்சிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எதற்கும் கணினி வேண்டாம். நான் செய்வது இது: பழைய நாள்காட்டி அட்டையில் ஐந்து துண்டு. கோலப்புள்ளி போல 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிறுத்துவேன். ஆறாவது பிள்ளை தன் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும். 13 என்றால் 8, 4, 1 அட்டைகள் முகம் காட்டும், 16-உம் 2-உம் திரும்பிக்கொள்ளும். யாரும் சொல்லாமலே "31 வரைக்கும் வருது டீச்சர்" என்று ஒரு குரல் வரும். கணினி எண்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான் என்று அப்போது ஒரு வரி சொன்னால் போதும்.

சிறியவர்களுக்குப் பாண்டிக் கட்டம். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் முன்னால், இடம், வலம் என்ற மூன்று சொல்லால் மட்டுமே அதை நடத்த வேண்டும். சுவரில் முட்டினால் தப்பு கட்டளையில், ரோபோவில் இல்லை. சண்டை வரும், வரட்டும்.

திண்ணைப்பள்ளி (பன்னிரண்டு நாள் கழித்து):

பழுதுக்கடைத் தம்பிக்கு முதல் நன்றி. அடிமூடியைக் கழற்றியதும் கடைக்காரரே இரண்டடி பின்னால் போனார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. நான் அதைப் பிள்ளைகள் மடியில் கொடுத்து வைத்திருந்தேன் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. கூலி 200 ரூபாய். இப்போது சார்ஜரில் ஓடுகிறது. மவுஸ் 280. மீதிப் பணம் அப்படியே இருக்கிறது.

அரசு லேப்டாப்பில் ஜிகாம்ப்ரிஸ் கறுப்பாகத்தான் நின்றது, சேஃப் மோடில் திறந்ததும் சரியாகிவிட்டது. பாபேஜ் பையன் மூன்றாம் நாள் இரட்டைக் கிளிக்கைப் பிடித்துவிட்டான். இப்போது வீட்டுக் கதவையும் இரண்டு முறைதான் தட்டுகிறானாம், அவன் பாட்டி சொன்னார்.

ஒரு சந்தேகம். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி டக்ஸ் பெயின்டில் தறி வரைந்தாள். அப்பாவிடம் காட்ட வேண்டும், தாளில் வேண்டும் என்று அழுகிறாள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகப் படம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பாலக்காட்டு டீச்சர்:

அது மறைந்திருக்கும் கோப்புறைக்குள் சேமிக்கும், தேடாதீர்கள். டக்ஸ் பெயின்டிலேயே திறக்கும் பொத்தானை அழுத்துங்கள், படங்கள் வரிசையாக வரும். தறியைத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி பொத்தானைத் தட்டினால் உங்கள் படங்கள் கோப்புறைக்கு ஒரு நகல் வந்துவிடும். அந்தப் பொத்தான் இல்லையென்றால் பழைய பதிப்பு, புதியதை நிறுவிக்கொள்ளுங்கள்.

திண்ணைப்பள்ளி:

வந்துவிட்டது. கலர் பக்கத்துக்குப் பத்து ரூபாய். ஒன்றுதான் எடுக்கப் போனேன், பதினொன்று எடுத்துக்கொண்டு வருகிறேன்.