லேப்டாப்பில் லினக்ஸ் டிஸ்ட்ரோ மாற்றிக்கொண்டே இருப்பது வெட்டி வேலையா?

ஈசூன்_தம்பி:
விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, என் லேப்டாப் ஏழாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. அதனால் லினக்ஸ். உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று மூன்று டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டுப் பார்த்தாகிவிட்டது, இப்போது ஆர்ச் மேல் கண். போடாமல் எது ஒத்துவரும் என்று எப்படித் தெரியும்?

தேக்காக்காரன்:
தம்பி, நீங்கள் மாற்றியது பாதிக்குமேல் டெஸ்க்டாப்பைத்தான், அதாவது திரைத் தோற்றத்தை. உபுண்டு டெபியனிலிருந்து வந்தது, மின்ட் அந்த உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெளியீடு) மேல் நிற்கிறது, டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் மென்பொருள் நிறுவ அதே ஆப்ட். ஒரே டெபியனில் கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று இரண்டு டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொண்டு லாகின் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாமே, அதற்கு எதற்கு டிஸ்க்கை அழிப்பது? ஆசைக்குப் பார்க்க வேண்டுமானால் வென்டாய் என்ற கருவி போட்ட ஒரு யுஎஸ்பியில் நாலைந்து ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) காப்பி செய்து, நிறுவாமலே லைவாக ஓட்டுங்கள்.

பொங்கோல்_நிலா:
லைவில் பார்த்து முடிவெடுப்பது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பஜ்ஜி சாப்பிடும் அழகை வைத்துக் குடித்தனத்தை எடைபோடுகிற கதை அண்ணே. மூடியை மூடித் திறந்தால் திரை வருகிறதா, ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் புளூடூத் பிடிக்கிறதா, கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப்பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை உயிரோடு இருக்கிறதா, பேட்டரி ஜூரோங்கிலிருந்து வீடு வரும்வரை தாங்குகிறதா? இதெல்லாம் நிறுவிப் புழங்கினால்தான் தெரியும். எனக்கு மூடி திறந்தால் கறுப்புத் திரைதான் வந்தது, புதிய கெர்னல் உள்ள ஃபெடோராவுக்குப் போனதும் அந்தக் கோளாறு போச்சு.

தேக்காக்காரன்:
கெர்னல்தான் கோளாறு என்றால் கெர்னலை மட்டும் மாற்றுங்கள்! புதிய கெர்னல் கிடைக்க டெபியனில் பேக்போர்ட்ஸ், உபுண்டு எல்டிஎஸ்ஸில் எச்டபிள்யூஇ இருக்கிறது. ஃபெடோரா ஒரு வெளியீட்டுக்குச் சுமார் 13 மாதம்தான் ஆதரவு, எல்டிஎஸ்ஸுக்கு 5 வருடம்.

பொங்கோல்_நிலா:
பேக்போர்ட்ஸ் என்று ஒன்று இருப்பது, நாலு இடம் அலைந்தவருக்குத்தானே தெரியும்?

தெம்பனிஸ்_பாட்டாளி:
நடுவில் வருகிறேன். சிங்பாஸ் (சிங்கப்பூர் டிஜிட்டல் அடையாளம்) கியூஆர், பேங்க் எல்லாம் எந்த பிரௌசரிலும் ஓடும், அது பெரிய விஷயமில்லை. எனக்கு எரிச்சல் தமிழ் டைப்பிங்தான். ஒவ்வொரு முறையும் தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, லாக் அவுட் ஆகி வந்து, எழுத்துரு பிடிக்காமல் நோட்டோ சான்ஸ் தமிழைத் தேடி... புதுசு போடும் உற்சாகம் அங்கேயே வடிந்துவிடும். தமிழில் தினமும் எழுதுகிறவர் ஒரு இடத்தில் உட்காருவது உத்தமம்.

ஈசூன்_தம்பி:
ஹோமை (என் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை) தனிப் பார்ட்டிஷனாக வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் மாற்றினால்?

தேக்காக்காரன்:
மாற்றலாம், ஆனால் செட்டிங்ஸ் எல்லாம் ஹோமுக்குள்தான் மறைந்து கிடக்கிறது. புதிய கேடிஇ எழுதி வைத்ததைப் பழைய கேடிஇ படிக்கப்போய் பேனல் எல்லாம் கோணலாகும், பழியை டிஸ்ட்ரோமேல் போடுவீர்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள், ஹோமை ஒவ்வொன்றுக்கும் புதிதாக விடுங்கள்.

பொங்கோல்_நிலா:
இவ்வளவு விவரம் ஒரே டெபியனில் உட்கார்ந்திருந்தா வந்தது?

தேக்காக்காரன்:
நானும் மாறினவன்தான், இல்லை என்று சொல்லவில்லையே. அப்போது அந்த லேப்டாப்பை நம்பி எந்த வேலையும் இல்லை. தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிற ஆள் மாதிரி தெரிகிறது. நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும் என்றால் இன்றிரவு ஆர்ச் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஈசூன்_தம்பி:
ஐஎஸ்ஓ இறங்கிக்கொண்டிருக்கிறது அண்ணே.