கலிஃபோர்னியா ஆர்எஃப்ஏ: 5 நாள் கெடுவை எதிலிருந்து எண்ணுவது?

பெருங்குடி நைட்ஷிஃப்ட்:
வணக்கம். கலிஃபோர்னியா ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் அடிபட்டவர்களுக்கான காப்பீடு) கிளைம்களுக்குச் சென்னையிலிருந்து ஆர்எஃப்ஏ, அதாவது சிகிச்சைக்கு அனுமதி கேட்டு டாக்டர் அனுப்பும் படிவம், இன்டேக் பார்க்கிறோம். அது வந்ததிலிருந்து 5 வேலைநாளுக்குள் யூஆர் (சிகிச்சை தேவையா என்ற பரிசீலனை) முடிவு போக வேண்டும். ஃபேக்ஸ் பெரும்பாலும் நமக்கு விடிகாலையில்தான் வந்து விழுகிறது. ரிசீவ்டு டேட் எதைப் போடுவது? டாக்டர் கையெழுத்து இல்லாவிட்டாலும் கெடு ஓடுமா?

கிண்டி யூஆர்:
அங்கே மாலை 5:30க்குப் பிறகு வரும் ஃபேக்ஸ் அடுத்த வேலைநாள் கணக்கு. அவர்களுடைய கோடைநேரத்தில் அது நமக்குக் காலை 6:00, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு 7:00. சிஸ்டம் இந்தியத் தேதியைப் போட்டால்தான் ஆபத்து. அங்கே திங்கள் மாலை 4 மணிக்கு வந்தது இங்கே செவ்வாய் என்று ஏறிவிடும். மறுநாளை முதல் நாளாக எண்ணினால் உண்மையான கெடு அடுத்த திங்கள். திரையோ செவ்வாய் என்று காட்டும். தாளின் மேல்வரியில் இருப்பது அனுப்பியவர் மெஷின் நேரம், அதை நம்பாதீர்கள். நம் ஃபேக்ஸ் சர்வரின் முத்திரையைப் பசிபிக் நேரத்தில் எடுங்கள். அவசரக் கோரிக்கைக்கு இந்த 5:30 சலுகை கிடையாது. 72 மணி நேரத்துக்குள் முடிவு போயாக வேண்டும்.

அம்பத்தூர் நர்ஸ்:
கையெழுத்து இல்லை என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். 5 வேலைநாளுக்குள் 'முழுமையில்லை' என்று காரணத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையேல் முழுமையானதாக ஏற்று முடிவெடுக்க வேண்டும். பிஆர்-2 (டாக்டரின் முன்னேற்ற அறிக்கை) போன்ற ரிப்போர்ட் இணைக்கப்படாவிட்டாலும் இதே கதிதான். வெறுமனே 'பிசிக்கல் தெரபி' என்றிருந்தால் எந்த உறுப்புக்கு, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்று உடனே கேளுங்கள். கூடுதல் விவரம் கேட்டால் கெடு 14 நாள். அது ஆர்எஃப்ஏ வந்த தேதியிலிருந்து, கேட்ட தேதியிலிருந்து அல்ல. சனி, ஞாயிறும் அதில் சேரும். அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அப்ரூவ் செய்ய நர்ஸ் போதும். மறுக்கவோ குறைக்கவோ டாக்டர் ரிவ்யூவர்தான் வேண்டும். ஆகவே சந்தேகமான கேஸை 3ஆம் நாளுக்குள் அவரிடம் தள்ளிவிடுங்கள்.

பெருங்குடி நைட்ஷிஃப்ட்:
நன்றி. இடுப்புக்கு மட்டும் ஏற்ற கிளைமில் தோள்பட்டை எம்ஆர்ஐ கேட்டால்?

கிண்டி யூஆர்:
அது மருத்துவத் தேவை பற்றிய கேள்வியே அல்ல, அந்த உறுப்புக்குக் காப்பீடு பொறுப்பா என்பது பற்றியது. அன்றே அட்ஜஸ்டருக்கு (கிளைமைக் கையாளும் அதிகாரி) சொல்லுங்கள். அவர் மறுப்பதாக இருந்தால் அதே 5 வேலைநாளுக்குள் டிஃபரல் கடிதம் (பொறுப்பு பற்றிய தகராறு தீரும்வரை யூஆரைத் தள்ளிவைக்கும் கடிதம்) போக வேண்டும். நாள் தாண்டிய யூஆர் மறுப்பு செல்லாது என்று கலிஃபோர்னியா ஒர்க்கர்ஸ் காம்ப் மேல்முறையீட்டு வாரியத்தின் 2014 டுபான் தீர்ப்பு சொல்லிவிட்டது. பிறகு சிகிச்சை தேவையா என்பதை ஐஎம்ஆர் (சுயேச்சையான மருத்துவ மறுஆய்வு) பார்க்காது, நீதிபதி பார்ப்பார். அதுவரை அடிபட்ட தொழிலாளி வலியோடு காத்திருக்க வேண்டியதுதான். பொங்கலுக்கு நமக்கு லீவு, கெடுவுக்கு இல்லை. அந்த வார ரோஸ்டரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.