லே மோர்ன் மலை படத்தில் ஏன் சாம்பல் நிறமாகவே விழுகிறது? காலண்டருக்குப் படம் வேண்டும், உதவுங்கள்

சனிக்கிழமை வகுப்பு (கத்ர் போர்ன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் சங்கம் வரும் ஆண்டுக்குக் காலண்டர் போடுகிறது. அட்டையில் முருகன், உள்ளே மாதத்துக்கு ஒரு காட்சியாக நம் மொரீஷியஸ். படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். கேமரா பிடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அண்ணன் மகன் கொடுத்த பழைய கேனான், 18 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 லென்ஸ் (18-இல் அகலமாகத் தெரியும், 55-இல் தூரம் கிட்ட வரும்).

போன ஞாயிறு லே மோர்ன் மலையை எடுக்கப் போனேன். கண்ணுக்கு எவ்வளவு பெரிய மலை! படத்தில் அது மூலையில் கிடக்கும் கல் மாதிரி இருக்கிறது. வானம் வெள்ளைத் தாள். மலை முழுக்கச் சாம்பல், ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் அப்படித்தான். அச்சகத்தில் ஒன்றை மாதிரிக்கு அடித்துக் காட்டினார்கள். அது இன்னும் இருட்டாக, ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. நவம்பர் கடைசிக்குள் பன்னிரண்டு படம் கொடுக்க வேண்டும். நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

கரைவலை (மாஹேபூர்)

வாடகை இப்போது வேண்டாம் தங்கச்சி. முதலில் சிலது சொல்லுங்கள். எங்கே நின்றீர்கள், மணி என்ன? எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) எவ்வளவு? லென்ஸ் எந்த எண்ணில் இருந்தது? முன்னால் ஏதாவது கண்ணாடி ஃபில்டர் மாட்டியிருக்கிறதா?

சனிக்கிழமை வகுப்பு

லா கோலெத் சாலையோரம், மாலை ஐந்து மணி. மாலை வெளிச்சம் நல்லது என்று எல்லோரும் சொல்வதால் அந்த நேரத்துக்குப் போனேன். எஃப்/22, தூரம் வரை தெளிவாக இருக்கும் என்று படித்தேன். ஐஎஸ்ஓ 800. லென்ஸ் 18-இல், மலை முழுவதும் வர வேண்டுமே என்று. யூவி ஃபில்டர் ஒன்று இருக்கிறது, வந்த நாளிலிருந்து கழற்றியதில்லை. கையில் பிடித்தே எடுத்தேன்.

கரைவலை

சரி, பாதி விடை நீங்கள் நின்ற இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் ஊர் கோர் த கார்ட் மலைக்கோயிலை நினைத்துப் பாருங்கள். காலையில் படியேறும்போது வெயில் எங்கே அடிக்கும்? முதுகில். கோயில் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் விடிந்ததும் வெயில் நேரே அதன் மேல் விழுகிறது. பொழுது சாய்வதற்கு முன்பே மலை நிழல் கோயிலை மூடிவிடும். மாலையில் அந்தக் கோயிலைப் படமெடுக்கப் போவீர்களா? மாட்டீர்கள்.

லா கோலெத்தில் நின்றால் லே மோர்ன் உங்களுக்குத் தென்மேற்கே இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குச் சூரியன் அதே பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்த முகம் முழுக்க நிழல், அதன் பின்னால் கண்ணைக் கூசும் வானம். இரண்டையும் ஒரே சொடுக்கில் பிடிக்கக் கேமரா திணறும். வானத்துக்கு அளந்தால் மலை கறுக்கும், மலைக்கு அளந்தால் வானம் வெளுக்கும். உங்கள் கேமரா நடுவில் சமரசம் செய்து இரண்டையும் கெடுத்திருக்கிறது.

அதே இடத்துக்குக் காலையில் போங்கள். இப்போது 5:30 வாக்கில் விடிகிறது. ஆறரையிலிருந்து ஏழரைக்குள் வெயில் உங்கள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்து மலையில் சாய்வாக விழும். பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மாலையில்தான் எடுப்பேன் என்றால் மலைக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள். அங்கே கடலை முதுகுக்கு விட்டு நின்றால் கடைசி அரைமணி நேரம் பாறை செம்பழுப்பாகும். நம் ஊரில் பொழுது சட்டென்று போய்விடும், சூரியன் மறைந்தபின் வெளிச்சம் அரைமணிகூடத் தங்காது. ஆகவே முன்னதாகவே போய் ட்ரைபாடை (கேமரா முக்காலியை) நிறுத்திக் காத்திருங்கள்.

மலை சிறிதாக விழுந்ததற்கும் காரணம் எளிது. லே மோர்ன் 556 மீட்டர். நீங்கள் நின்றது ஐந்து கிலோமீட்டர் தள்ளி. 18-இல் அது படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அதே இடத்தில் லென்ஸை 55-க்குத் திருப்புங்கள், ஐந்தில் இரண்டு பங்கு வரும். 18-ஐ வைத்துக்கொண்டால் முன்னால் ஏதாவது வேண்டும்: ஒரு படகு, ஒரு பாறை, அலை விட்டுப்போன மணல் கோடு. காலுக்கடியில் ஒன்றும் இல்லாத அகலப் படத்தில் கண் நிற்க இடம் இருக்காது.

மேட்டுவீடு (கியூர்பிப்)

அண்ணன் வெளிச்சத்தைச் சொல்லிவிட்டார். நான் கண்ணாடியைச் சொல்கிறேன் அக்கா.

அந்த யூவி ஃபில்டரைக் கழற்றி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தோசைக்கல்லில் மாவு தூவிய மாதிரி நுண்ணிய வெள்ளைப் படலம் இருந்தால் அது கடலுப்பு. தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் கரையில் பத்து நிமிடம் நின்றாலே படியும். சூரியன் எதிரில் இருக்கும்போது அந்தப் படலம் முழுவதும் ஒளிர்ந்து படத்தின் மேல் பால் ஊற்றியது போலாகிவிடும். உங்கள் சாம்பலில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாக உலர்ந்த துணி. எதிர்வெயிலில் எடுக்கும்போது ஃபில்டரே வேண்டாம்.

எஃப்/22-ஐ விடுங்கள். துளை அவ்வளவு சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மெத்தென்று ஆகிவிடும். உங்கள் கேமராவுக்கு எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11. ஐஎஸ்ஓ 100. ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) மெதுவாகும், அதனால் ட்ரைபாட் கட்டாயம். நடுத்தண்டை உயர்த்தாமல் பையை அதில் தொங்கவிடுங்கள், காற்றுக்கு அசையாது. இரண்டு நொடி டைமர் வையுங்கள். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் பொத்தான் இருந்தால் ட்ரைபாடில் வைத்ததும் அணைத்துவிடுங்கள். RAW என்ற பதப்படுத்தாத மூலக் கோப்பாகவும் எடுங்கள், வெளுத்த மேகத்தில் கொஞ்சமாவது மீட்கலாம்.

புகைமூட்டமாகத் தெரியும் நாளில் தூரத்து மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. மழை விட்ட மறுநாள் காலை போங்கள், காற்று கழுவினது போல இருக்கும்.

தென்கரை (சுயாக்)

ஒரு இடத்தில் மட்டும் நான் வேறு சொல்வேன். காலண்டரில் கடலின் நீலப்பச்சை வேண்டுமென்றால் விடியலும் அந்தியும் உதவாது. நிறம் வருவது அடியில் இருக்கும் வெள்ளை மணலிலிருந்து. வெயில் உச்சியிலிருந்து இறங்கி மணலைத் தொட்டுத் திரும்பினால்தான் அது தெரியும். சாய்ந்த வெயில் நீர்ப்பரப்பிலேயே வழுக்கிப் போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது வெள்ளி மினுமினுப்புதான். ஷமரேலுக்கு ஏறும் சாலையில் லே மோர்னும் பெனித்தியே தீவும் சேர்ந்து தெரியும் வளைவு இருக்கிறதே, அங்கே காலை பத்து, பதினொன்றுக்கு நில்லுங்கள். போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் ஃபில்டர்) ஒன்று இருந்தால் மாட்டி மெதுவாகத் திருப்புங்கள், நீரின் மினுக்கம் விலகி அடி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முழுக்கத் திருப்பிவிட்டு 18-இல் எடுத்தால் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் திட்டுத் திட்டாக வரும்.

எங்கள் ஊர் க்ரீ க்ரீயையும் ஒரு மாதத்துக்கு வையுங்கள். அங்கே பவளத்திட்டு இல்லாததால் அலை நேரே பாறையில் மோதுகிறது. ஷட்டரை அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை வைத்தால் நுரை பாறையிலிருந்து நூல் நூலாக வழிவது தெரியும். முப்பது நொடி வைத்தால் வெறும் பனிமூட்டம். ஆனால் கேமராவைத் திறப்பதற்கு முன் கால்மணி நேரம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். பாறை எதுவரை ஈரமோ, அதுவரை அலை வரும் என்று அர்த்தம். ஈரப்பாறையில் நிற்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். தனியாகப் போக வேண்டாம். தம்பி யாரையாவது அழைத்துப் போங்கள்.

மை வாசம் (போர்ட் லூயிஸ்)

அச்சுத் தொழிலில் இருப்பவன். அம்மா, படத்தை அச்சகத்துக்கு எப்படி அனுப்பினீர்கள்?

சனிக்கிழமை வகுப்பு

வாட்ஸாப்பில்.

மை வாசம்

கட்டம் கட்டமாக வந்ததற்கு அதுதான் காரணம். சாதாரணமாகப் படமென்று அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லை பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏ3 தாளுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4961 × 3508 வேண்டும். உங்கள் கேமரா 5184 × 3456 தரும், ஏறக்குறைய சரியாக இருக்கிறது. ஆனால் அரைப் படத்தை வெட்டி எறிந்தால் போதாது. எடுக்கும்போதே சட்டத்தை நிரப்பி எடுங்கள்.

இருட்டுக்குக் காரணம் உங்கள் திரை. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துத் திருத்தியிருப்பீர்கள். பாதிக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். தாள் தானாக ஒளிராது, திரையில் கண்ணுக்குப் போதும் என்று படுவதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகவே கொடுக்க வேண்டும். பன்னிரண்டையும் அடிப்பதற்கு முன் இரண்டு மாதிரித் தாள் கேளுங்கள். காசு கொடுத்தாவது கேளுங்கள்.

பெரியவீட்டுத் தாத்தா (ரோஸ் ஹில்)

பிள்ளை, நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். லே மோர்னை பிப்ரவரி மாதத்துக்கு வை. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835 பிப்ரவரி 1 அன்றுதான் இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. 2008-இல் யுனெஸ்கோ அந்த மலையை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததும் அவர்கள் அங்கே ஒளிந்து வாழ்ந்ததற்காகத்தான். நம் முன்னோர் கூலிகளாக வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. அதையும் அவர்கள் வருகையை நினைவுகூரும் நவம்பருக்கு வைத்தால் இரண்டும் ஒரே காலண்டரில் இருக்கும். நம் பிள்ளைகள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கரும்புக்காட்டையும் விடாதே. இப்போது வெட்டு நடக்கிறது. வெட்டிய வயலில் நின்றால் இத்தனை மாதம் கரும்பு மறைத்திருந்த மலை முழுசாகத் தெரியும். வயல் நடுவே கறுப்புக் கற்களைக் குவித்து வைத்திருப்பார்களே, அது ஒவ்வொன்றும் யாரோ கையால் பொறுக்கிப் போட்டது.

சனிக்கிழமை வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு மழை பெய்தது. வெள்ளி காலை நாலரைக்குக் கிளம்பி, தம்பியோடு லா கோலெத் போனேன்.

ஃபில்டரில் உப்புதான். மேட்டுவீடு சொன்ன அதே வெள்ளைப் படலம், விரல் வைத்த இடத்தில் ரேகை விழுந்தது. கழற்றி வைத்துவிட்டேன். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 55. முதல் இருபது நிமிடம் மேகம் மூடிக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை, தம்பி போகலாம் என்றான். 6:50 இருக்கும், வெயில் உச்சிப் பாறையில் பட்டு மெல்லக் கீழே இறங்கியது. பாறையில் இவ்வளவு பிளவு இருக்கிறதென்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. பிளவுக்குள் செடி முளைத்திருப்பது வரை படத்தில் இருக்கிறது. திரும்பும்போது வெட்டிய கரும்புவயல் ஒன்றில் நிறுத்தி, கற்குவியலை முன்னால் வைத்து 18-இல் ஒன்று எடுத்தேன். தாத்தா, அது ஆகஸ்டுக்கு.

ஷமரேல் வளைவில் போலரைசர் இல்லாமல் எடுத்தது சரியாக வரவில்லை, பாதி கடல் மினுக்கம். அதற்கு மட்டும் மறுபடி போக வேண்டும். கியூர்பிப் பக்கம் யாரிடமாவது 58 மில்லிமீட்டர் போலரைசர் ஒரு நாளைக்குக் கிடைக்குமா?

மேட்டுவீடு

என்னிடம் இருக்கிறது அக்கா. சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்.