எடையைக் குறைக்க இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42, எடை 81 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. பத்து கிலோவாவது குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கடந்த மாதம் இனிப்பு வகைகளை முழுவதுமாக நிறுத்தினேன். பத்தொன்பது நாள்கள் தாக்குப்பிடித்தேன். இருபதாம் நாள், உறவினர் ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வந்த கால் கிலோ அல்வாவை, தாளில் ஒட்டியிருந்த நெய்யைக்கூட விடாமல் வழித்து, உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்துவிட்டேன்.

அதன்பின் பொறுமையாகக் கணக்குப் பார்த்தபோது, நாள்தோறும் நான்கு முறை குடிக்கும் தேநீரில் இரண்டு தேக்கரண்டி வீதம் சேரும் சர்க்கரையே 32 கிராமுக்குக் குறையாது என்று தெரிந்தது. சர்க்கரையைச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியிருக்கிறது. அப்படியென்றால் எப்போதாவது வரும் அல்வாவைவிட அன்றாடத் தேநீர்தான் குற்றவாளியோ என்று தோன்றுகிறது. நாட்டுச்சர்க்கரைக்கு மாறச் சொல்கிறார் என் மாமியார். ஆனால் அதிலும் கலோரி ஏறத்தாழ அதே அளவுதான்.

எடையைக் குறைத்து, அதைத் தக்கவைத்தும் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: இனிப்பை அறவே விட்டீர்களா, அல்லது வாரம் ஒருமுறை ஒரு துண்டு என்று வரையறுத்துக்கொண்டீர்களா? சர்க்கரை குறைந்த தேநீருக்கு நாக்கு பழக எத்தனை நாள்கள் ஆயின? எடைகுறைப்புப் பொடி விற்பவர்கள் மட்டும் பொறுத்தருள வேண்டும்.