இரவில் தொய்ந்து காலையில் கிழியும் காகித நட்சத்திரம்: எங்கே தவறு?

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு குடும்பத்தலைவி

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் முதல் தேதியன்று வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். மாமனார் இருந்த காலத்தில் மூங்கிலைச் சீவுவது முதல் பசை கிண்டுவது வரை எல்லாவற்றையும் அவரே செய்வார். அவர் மறைந்தபின் இரண்டு ஆண்டுகள் கடையில் வாங்கிய மடிப்பு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டோம். இந்த ஆண்டு என் இளைய மகள் தாத்தா செய்ததைப் போலவே வேண்டும் என்று கேட்டதால், அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த நினைவை மட்டும் வைத்துக்கொண்டு நானே முயன்றேன்.

60 செ.மீ. நீளமுள்ள பத்து மூங்கில் குச்சிகளை எடுத்து, ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரங்கள் கட்டி, ஐந்து முனைகளையும் ஒன்றாகப் பிணைத்து, இரண்டுக்கும் இடையே ஐந்து முட்டுக்குச்சிகளைக் கொடுத்தேன். வெள்ளையும் சிவப்புமாகப் பட்டத்தாளை மைதாப் பசையால் ஒட்டினேன். ஒட்டி முடித்த அன்று மாலை பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் இப்போது மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, இரவில் தாள் தொய்ந்து சுருக்கம் விழுகிறது. மறுநாள் வெயில் ஏறியதும் முரசுத் தோலைப் போல விறைத்து, கால்கள் பிரியும் உள்மூலைகளில் கிழிகிறது. இதுவரை மூன்று இடங்களில் கிழிந்துவிட்டது. இரண்டாவது, ஒரு கால் மட்டும் முன்னோக்கித் திருகி நிற்கிறது. மூன்றாவது, வீட்டில் கிடந்த 40 வாட் குண்டு பல்பை உள்ளே வைத்திருந்தேன். அதற்கு மேலுள்ள தாளில் காபிக் கறை போன்று ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது.

பட்டத்தாளை விட்டுவிட்டுக் கண்ணாடித்தாள் வாங்கினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதிகம் செலவழிக்கும் நிலையில் நான் இல்லை. தாளை மாற்றுவதா, சட்டத்தையே பிரித்துக் கட்டுவதா என்று அறிந்தவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: நாகர்கோவிலில் மின்வேலை செய்பவர்

சகோதரி, மற்ற இரண்டு குறைகளும் காத்திருக்கலாம். மூன்றாவது காத்திருக்கக் கூடாது. இன்றே அந்தப் பல்பைக் கழற்றிவிடுங்கள். குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி வெளிச்சமாகாமல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பம் மேலே எழும்பி, நாற்புறமும் அடைத்த காகிதக் கூட்டின் மேல்முனையில் சேர்ந்து நிற்கிறது. நீங்கள் பார்த்த பழுப்பு வட்டம் தாள் கருகத் தொடங்கியதன் அடையாளம்.

இரண்டடி நட்சத்திரத்துக்கு 3 வாட் எல்.இ.டி. பல்பு தாராளமாகப் போதும். அதன் அடிப்பகுதியும் ஓரளவு சூடாகும் என்பதால், எந்தப் பல்பாக இருந்தாலும் தாளுக்கும் அதற்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். நட்சத்திரத்தின் எடையை ஒருபோதும் வயரில் தொங்கவிடாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு கயிறு கட்டுங்கள். மழைநீர் தேங்காதவாறு ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வயரில் ஒட்டுப்போட நேர்ந்தால் அந்த ஒட்டு வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். சாரல் அடிக்கும் இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

பதில்: தூத்துக்குடி, ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர்

மின்வேலை நண்பர் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள் அம்மா. மற்றவற்றுக்கு வழி சொல்வதற்கு முன் எனக்குச் சில விவரங்கள் தேவை. தாளை ஒட்டிய நாளில் வானிலை எப்படி இருந்தது? பசை கெட்டியாக இருந்ததா, தண்ணீராக இருந்ததா? ஒவ்வொரு முகத்துக்கும் தனித் துண்டு வெட்டினீர்களா, அல்லது ஒரே தாளை வளைத்து இரண்டு மூன்று முகங்களை மூடினீர்களா? திருகி நிற்கும் காலின் குச்சிகளில் கணு எந்த இடத்தில் வருகிறது?

கேட்டவர்

ஐயா, உடனே பதில் தந்தமைக்கு நன்றி. பல்பைக் கழற்றிவிட்டேன். தாள் ஒட்டியது மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில். பசை கஞ்சியைப் போலத் தண்ணீராகத்தான் இருந்தது. சுருக்கம் விழக்கூடாது என்று தாளை நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டினேன். ஒரு காலுக்கு ஒரே தாள் என்று வெட்டி, முன்முகத்திலிருந்து பக்கவாட்டுக்கு மடித்துக் கொண்டுபோனேன். திருகிய காலில் ஒரு குச்சியின் கணு ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அதன் எதிர்க்குச்சியில் கணுவே இல்லை.

பதில்: தூத்துக்குடி ஆசிரியர்

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தாளின் மீது குற்றம் இல்லை. ஒட்டிய நேரமும் ஒட்டிய முறையுமே காரணம்.

காகிதம் என்பது செடிகொடிகளின் நார்களால் ஆனது. ஈரக் காற்று பட்டால் அந்த நார்கள் உப்புகின்றன. வெயில் பட்டால் சுருங்குகின்றன. மழை ஓய்ந்த மாலையில், அதுவும் நீர்த்த பசை பட்டு ஏற்கெனவே விரிந்திருந்த தாளை, மேலும் இழுத்துச் சட்டத்தில் பூட்டிவிட்டீர்கள். காலை வெயிலில் அது சுருங்க முயல்கிறது, மூங்கில் விட்டுக்கொடுப்பதில்லை, இழுவிசை முழுவதும் உள்மூலையில் வந்து குவிகிறது. அந்த இடத்தில் நூல்முடிச்சு புடைத்துக்கொண்டும் இருக்கும். அங்குதானே கிழிகிறது? இரவுப் பனியில் அதே தாள் மறுபடியும் விரிந்து தொய்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பனியும் சேர்ந்து வரும் டிசம்பரில் நாள்தோறும் இந்த இழுபறி நடக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆலையில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரத்தில் தாள் அந்தத் திசையில் மிகக் குறைவாகவும் அதற்குக் குறுக்கே பல மடங்கு அதிகமாகவும் விரியும். திசையை அறிவது எளிது: ஓரத்தில் ஒரு துண்டைக் கையால் கிழித்துப் பாருங்கள். நாரின் போக்கில் கிழித்தால் கிழிசல் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும். உங்கள் அளவில் ஒவ்வொரு காலின் முன்முகமும் ஏறத்தாழ 14 செ.மீ. அடியும் 22 செ.மீ. உயரமும் உள்ள முக்கோணம். நார் உயரத்தின் போக்கில் அமையும்படி வெட்டினால், விரிவு நீளமான பக்கத்தில் விழாமல் குறுகிய 14 செ.மீ. பக்கத்தில் விழும், தொய்வு அந்த அளவுக்குக் குறையும்.

ஆகவே பழைய தாளை உரித்துவிட்டு, நன்றாக வெயில் அடிக்கும் ஒரு நாளின் நடுப்பகலில் ஒட்டுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, கட்டி விழாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்கி ஆறவிட்டால், இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதத்தில் நிற்கும். அதைத் தாளில் தடவாமல் மூங்கிலின் மேல் மெல்லிய கோடாக இழுங்கள். தாளை இழுக்க வேண்டாம். சட்டத்தின் மேல் படுக்க வைத்து விரலால் அழுத்தினால் போதும். சிறு சுருக்கங்கள் இருந்தால் இருக்கட்டும். பசை முழுவதும் காய்ந்த பிறகு, வாயகன்ற பாத்திரத்தில் விரலை நனைத்து மிக இலேசாகத் தண்ணீர் தெளித்து நிழலில் உலரவிடுங்கள். அந்தச் சுருக்கங்கள் தாமாகவே இழுபட்டு மறைவதைப் பார்ப்பீர்கள். இழுத்து ஒட்டிய தாள் கிழியும் இடத்தில், தளர்வாக ஒட்டித் தெளித்த தாள் தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே இறுகி நிற்கும்.

பசை மீதியானால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது நஞ்சு. குழந்தை கூட இருந்து செய்யும் வேலையில் அது வேண்டவே வேண்டாம்.

இனி வெட்டும் முறை. இந்த நட்சத்திரத்துக்கு முன்பக்கம் ஐந்து முக்கோணங்களும் நடுவில் ஓர் ஐங்கோணமும், பின்பக்கம் அவ்வாறே ஆறும், பக்கவாட்டில் பத்து ஒடுங்கிய முக்கோணங்களுமாக மொத்தம் 22 முகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டு வெட்டினால், ஓரிடத்தில் கிழிந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்மூலையில் வரும் நுனியை ஊசி போலக் கூராக வெட்டாமல் சிறிது மழுக்கிவிடுங்கள். பின்பக்க ஐங்கோணத்தை மூடவே வேண்டாம். பல்பை நுழைக்கவும் ஈரம் வெளியேறவும் அது வழி. மேல்காலின் பக்கவாட்டு முக்கோணங்களில் ஒன்றை நுனிப்பக்கம் இரண்டு விரல் அளவு திறந்துவிட்டால் சூடும் நிற்காது.

காலின் திருகலுக்குக் காரணம் கணுதான். கணு உள்ள இடத்தில் மூங்கில் வளையாது. கணு இல்லாத எதிர்க்குச்சி அதிகமாக வளைந்து முனையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஒரே கணுவிடையிலிருந்து பிளந்த குச்சிகளாக எடுக்க முடிந்தால் சிறப்பு. முடியாவிட்டால், கணு உள்ளவற்றை எதிரெதிரே இணையாக வையுங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தனியே தரையில் படுக்க வைத்து, அடுத்தடுத்த முனைகளுக்கு இடையிலான தொலைவை அளந்து பாருங்கள், 60 செ.மீ. குச்சிக்கு அது ஐந்து பக்கமும் 37 செ.மீ. இருக்க வேண்டும். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் இரு நுனிகளிலிருந்தும் 23 செ.மீ. அளவில் வரும். அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு கட்டினால் சட்டம் தவறவே வாய்ப்பில்லை. முட்டுக்குச்சிகள் ஐந்தும் 10 செ.மீ. நீளத்தில் நெல்முனை வித்தியாசமும் இல்லாமல் இருக்கட்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் பரோல் என்னும் நட்சத்திர விளக்கும் இதே பத்துக் குச்சி, ஐந்து முட்டு என்ற கணக்கில்தான் உருவாகிறது. ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியன் என்னும் கிறிஸ்தவ சபையாரின் பள்ளி ஒன்றில், 1830களில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிப்பதற்காகவே காகித நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். நானும் என் வகுப்புகளில் ஐங்கோணத்தை இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் புரியாத பிள்ளைக்கும் கையில் குச்சியைக் கொடுத்தால் புரிந்துவிடும்.

பதில்: கொழும்பிலிருந்து ஒரு வாசகர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துடன் கண்ணாடித்தாளைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் சிங்கள அயலவர்களோடு சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குக் காகித வெளிச்சக்கூடு கட்டுவோம். மே மாதப் பௌர்ணமியை ஒட்டி இங்கே மழை அடிக்கடி பெய்வதால், இந்தத் தொய்வும் கிழிசலும் எங்களுக்கு நன்கு பழகியவை.

கண்ணாடித்தாள் என்ற பெயரில் கடைகளில் இரண்டு வேறு பொருட்கள் கிடைக்கின்றன. பழைய வகையான செல்லோபேன், பார்வைக்கு பிளாஸ்டிக் போல இருந்தாலும் மரக்கூழிலிருந்து வந்தது. ஆகையால் பட்டத்தாளைப் போலவே ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுச் சிறிது நேரம் வைத்தால் அந்த இடம் நெளிந்துவிடும். மற்றது பாலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். அது ஈரத்தை உறிஞ்சாது, நெளியாது. ஆனால் மைதாப் பசையும் வெள்ளைப் பசையும் அதில் பிடிக்காது. ஒட்டுநாடாவால்தான் ஒட்ட வேண்டும். பல்பின் வடிவம் வெளியே அப்படியே தெரிவதால், பட்டத்தாள் தரும் அந்த நிறைந்த, மென்மையான ஒளியும் அதில் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் பட்டத்தாளையே வைத்துக்கொள்ளுங்கள்.

பனியைத் தடுக்க வேண்டுமானால், வெள்ளைப் பசை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, தாள் இறுகி உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் ஒரே ஒரு முறை பூசலாம். மழையைத் தாங்காது, பனியை ஓரளவு தாங்கும். சாயம் ஊறும் தாளாக இருக்கலாம் என்பதால் முதலில் ஒரு துண்டில் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் மெழுகு தேய்ப்பார்கள். அது தாளை எளிதில் தீப்பற்றச் செய்யும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டவர் (ஒரு வாரத்துக்குப் பின்)

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை நல்ல வெயில் அடித்தது. சட்டத்தை முழுவதும் பிரித்து, கணு உள்ள குச்சிகளை இணை சேர்த்துக் கட்டினேன். முனைகளுக்கு இடையே நான்கு பக்கம் 37 செ.மீ., ஒரு பக்கம் மட்டும் 36½ வந்தது. கால் இப்போது நேராக நிற்கிறது. தாள் முகங்களை மகள் வெட்டித் தந்தாள். தளர்வாக ஒட்டியபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரத்தில், அவள் விரலால் சுண்டிப் பார்க்க, டப்பென்று சத்தம் கேட்டது. ஐந்து இரவுகள் பனியில் இருந்துவிட்டது. விடியற்காலையில் சிறிது தளர்கிறது. எட்டு மணிக்கெல்லாம் பழையபடி இறுகிவிடுகிறது. கிழிசல் இல்லை. பல்பைத் தனியாக வாங்கினேன். அதைத் தவிர, தாளும் நூலும் மைதாவும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குச்சி தேடிப் பரண் மேல் ஏறியபோது, மாமனார் கட்டிய பழைய நட்சத்திரத்தின் ஒற்றைக் குச்சி கிடைத்தது. இரு நுனிகளிலிருந்தும் உள்ளே தள்ளிக் கரியால் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரண்டும் 23 செ.மீ. அவர் அளவுகோலைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. குச்சியின் நுனியில் கட்டைவிரலை வைத்து, கையை விரித்து, சுண்டுவிரல் தொடும் இடத்தில் கோடு போடுவார். ஒரு சாண் என்பார்.

பண்டிகை முடிந்ததும் இதை எப்படி எடுத்து வைப்பது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தூத்துக்குடி ஆசிரியர்

உங்கள் மாமனாரின் கணக்கு மிகச் சரி. குச்சியின் நீளத்தையும் அவர் தம் சாணைக்கொண்டே முடிவு செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் குச்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

எடுத்து வைக்கும்போது தாளை முழுவதும் நீக்கி, ஒட்டியிருக்கும் பசையை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள். பசை இருந்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். ஐந்து முட்டுக்குச்சிகளையும் உருவினால் சட்டம் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். முட்டுக்குச்சிகளை ஒரு நூலால் கட்டிச் சட்டத்தின் நடுவிலேயே முடிந்து, சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். ஈரம் ஏறும் தரையில் வைத்தால் மூங்கில் உளுத்துப்போகும்.