வெள்ளவத்தைக் குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக்காம்!

நெய்தல்: நேற்றிரவு "ஏழாம் மாடி" இங்கே ஒரு குண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். அவருடைய சிறுநீரில் லீற்றருக்கு 112 மைக்கிரோகிராம் ஆர்சனிக் இருந்ததாம்; ஆகவே நம் குழாய்த் தண்ணீர் நஞ்சாம்; எல்லோரும் வடிகட்டி வாங்க வேண்டுமாம். முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் கிடந்தவன் கேட்கிறேன். தம்பி, சோதனைக்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் கடலுணவு சாப்பிட்டீர்களா?

ஏழாம் மாடி: நான் மீன் சாப்பிடவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசினால் என் சாப்பாட்டுக் கோப்பைக்குள் ஏன் எட்டிப் பார்க்கிறீர்கள்? தவிர, எனக்கு 48 வயது. தம்பி என்று அழைக்க வேண்டாம்.

கனகம்: சனிக்கிழமை மாமா வீட்டில் கூழ் குடித்த படத்தை நீங்களே போட்டிருந்தீர்கள். நண்டுக்கால் சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைதானே சோதனை?

ஏழாம் மாடி: அந்தக் கூழில் இருந்தவை நண்டு, இறால், கணவாய். மீன் ஒரு துண்டுகூட இல்லை. இறாலை மீன் என்று உங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

நெய்தல்: நான் கேட்டது கடலுணவு. மேலே போய் வாசியுங்கள். நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றிலும் ஆர்சனோபீட்டெயின் என்ற சேர்மம் இயற்கையாகவே இருக்கிறது. உடலுக்குத் தீங்கு செய்யாது. சில நாட்களில் மாற்றமில்லாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் "மொத்த ஆர்சனிக்" அளக்கும் கருவிக்கு நஞ்சும் நண்டும் ஒன்றுதான், இரண்டையும் கூட்டி ஓர் எண்ணைத் தரும். நீங்கள் அந்த எண்ணைக் கொண்டுபோய், தொழிற்சாலை ஊழியர்களுக்கென்று வைத்த 35 என்ற அளவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த 35, நஞ்சான கனிம ஆர்சனிக்கும் உடல் அதை மாற்றி வெளியேற்றும் வடிவங்களும் சேர்ந்த கணக்கு. நண்டு அதில் சேராது. வகை பிரித்து அளந்தீர்களா? இல்லை. தண்ணீரையாவது ஒரு போத்தலில் பிடித்து அளந்தீர்களா? அதுவும் இல்லை. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த எல்லை வரை ஆர்சனிக் இருக்கும் தண்ணீரை நாளைக்கு இரண்டு லீற்றர் குடித்தாலும் உள்ளே போவது 20 மைக்கிரோகிராம்தான். 112 எங்கிருந்து வந்தது? மாமா வீட்டுச் சட்டியிலிருந்து.

முல்லைக்கடல்: இடையில் ஒரு வார்த்தை. மீன் போடாத கூழ் கூழே இல்லை. ஒடியல் மாக் கரைத்து, மீன்தலை போட்டு, பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் சேர்த்தால்தான் அது கூழ். கொழும்பில் கூழ் என்று கொடுப்பது இறால் கஞ்சி.

கனகம்: என் அம்மம்மா மீன்தலை போட்டதே இல்லை. உங்கள் ஊரில் கிடைத்ததைப் போட்டிருப்பீர்கள்.

முல்லைக்கடல்: எங்கள் ஊரில் கிடைத்தது என்றால் என்ன அர்த்தம்?

ஏழாம் மாடி: சரி, கடலுணவு என்றே வைத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததே, மறந்துவிட்டீர்களா? கடலில் நஞ்சு என்றால் நான் சொன்னதுதான் சரி.

நெய்தல்: நீங்கள் சொன்னது குழாய். இப்போது கடலுக்கு ஓடிவிட்டீர்கள். அந்தக் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது, கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. அது தனி அழிவு, அதற்குத் தனிக் கணக்கு. நண்டுக்குள் ஆர்சனிக் இருப்பது கப்பல் என்ற ஒன்று வருவதற்கு முந்தைய கதை.

நிலாவின் அம்மா: மன்னிக்கவும், ஒரு கேள்வி. என் மகளின் விரல் நுனியில் இரத்தம் எடுத்து ஈயம் பார்த்தார்கள். டெசிலீற்றருக்கு 6 மைக்கிரோகிராம் என்று வந்தது. ஐயா, பயப்பட வேண்டுமா?

நெய்தல்: விரலில் ஒட்டிய தூசியே எண்ணைக் கூட்டிவிடும். இரத்த நாளத்திலிருந்து எடுத்து மறுபடி பாருங்கள். அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவு முன்பு 10, பிறகு 5, 2021 முதல் 3.5. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, அதனால் தள்ளிப் போடாதீர்கள். ஏழாம் மாடி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தொட்டிச் செயலாளர்: தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் மேல்தொட்டி கழுவும் பணத்தை இரண்டு தடவையாகத் தரவில்லை என்பதையும் சபை அறியட்டும். அவருடைய மைத்துனர் வடிகட்டி விற்கிறார் என்பதையும் அறியட்டும்.

ஏழாம் மாடி: என் வாகனத் தரிப்பிடத்தில் உங்கள் மகனின் முச்சக்கர வண்டி நிற்கும்வரை ஒரு சதம்கூடத் தர மாட்டேன். மைத்துனரை இழுக்காதீர்கள்.

நெய்தல்: மைத்துனர் விற்பது வெறும் கரி வடிகட்டி என்றால் ஆர்சனிக்குக்கு அதை நம்பி இருக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். உண்மையாகவே பயம் என்றால் ஐந்து நாட்கள் மரக்கறி சாப்பிட்டுவிட்டு மறுபடி சிறுநீர் கொடுங்கள். நான் பணம் தருகிறேன்.

ஏழாம் மாடி: உங்கள் பணம் வேண்டாம். இறால் மீன் அல்ல.

நிலாவின் அம்மா: ஐயா, நாளத்தில் எடுப்பதற்கு முன் ஏதாவது சாப்பிடாமல் இருக்க வேண்டுமா?

முல்லைக்கடல்: கனகம் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கனகம்: சொல்ல எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக் கூழைக் குடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஏழாம் மாடி: எல்லோரும் சனிக்கிழமையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஞாயிறு நான் குடித்த மிச்சக் கூழில் இறால்கூட இல்லை, நண்டுச் சாறு மட்டும்தான்.

நெய்தல்: ஞாயிறும் குடித்தீர்களா?